இரு சக்கர உலா: சத்தமில்லாத வண்டி... சுசீந்திரத்துக் குளக்கரை!

சுசீந்திரம் என்றதும் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வருவது தாணுமாலயன் கோயில்தான். ஏழு நிலைக் கோபுரம், தட்டினால் ஸ்வரம் கொடுக்கும் கல்தூண்கள், 18 அடி உயர அனுமன். தரிசனம் முடிந்ததும் தெப்பக்குளத்தின் முன்னால் ஒரு போட்டோ, ஒரு டீ. அப்புறம் வேன் கன்னியாகுமரி சூரிய அஸ்தமனத்தைப் பிடிக்கப் பறந்துவிடும்.

அந்த வேன் போகிற நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே திரும்பினால் வேறொரு சுசீந்திரம் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் பழையாறு, அடுத்தடுத்துக் குளங்கள், நடுவே நெல்வயல், தென்னை, வாழை. தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தன் கடைசிக் குன்றுகளை இறக்கி வைத்திருக்கும். இந்தச் சாலைகளில் தினமும் போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. பால் வாங்கப் போகிறவர், பிள்ளையை டியூஷனில் விடுகிறவர், நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறவர். இவர்களில் சிலர் இப்போது ஓட்டுவது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். வழியில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். துபாயிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவுக்காரர் அதைப் பார்த்து, 'குளத்துல தண்ணி கெடக்கா?' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். பெரிய பைக் டிராவல் வீடியோக்களில் கிடைக்காத சுகம் அது.

இந்த வாரம் அந்தச் சாலைதான். நேரமும் சரியான நேரம்.

ஏன் மாசி, பங்குனி?

இலக்கணப்படி இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். நாஞ்சில் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு இளவேனில் அதற்கு முன்பே, மாசிக் கடைசியில் தொடங்கிவிடுகிறது. காரணம் நெல்லும் காற்றும்.

இங்கே இரண்டு போகம். கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னியும் கும்பமும் கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த காலத்தின் மிச்சம். தமிழ்க் கணக்கில் கன்னி என்றால் புரட்டாசி, கும்பம் என்றால் மாசி. அந்தந்த மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வருவதால் பயிருக்கு அந்தப் பெயர். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும் வயல் மட்டும் இன்னும் கொல்லம் காலண்டரைத்தான் பார்க்கிறது!

கும்பப்பூ அறுவடை நடக்கும் வாரங்களில் ஒரு வயல் பொன்னாக நிற்கும், அடுத்தது அறுத்துத் தாளடியாகக் கிடக்கும், அதற்கடுத்ததில் கொக்கும் மடையானும் அரிவாள் மூக்கனும் கூட்டமாக இறங்கியிருக்கும். காலை ஏழு மணிவரை இதமான குளிர்ச்சி. பதநீர் இறக்கும் காலமும் இதுதான். இந்த மாவட்டத்தில் அதற்கு அக்கானி என்று பேர்.

காற்று விஷயம் எலெக்ட்ரிக் வண்டிக்கு முக்கியம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக் காற்று சும்மா வருவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் பழமொழியாகக் கேட்காது, வானிலை அறிக்கையாகவே கேட்கும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தல் பகுதியில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று நிற்கிறது. ஆனி, ஆடியில் எதிர்க்காற்றில் ஸ்கூட்டர் ஓட்டினால் பேட்டரி சதவிகிதம் கண்ணெதிரே இறங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. மணிக்கு 35 கிலோமீட்டரில் போகிறவரின் எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், வண்டிக்கு அது 60-ல் போவது போலத்தான். மாசி, பங்குனிக் காலையில் இந்தத் தொல்லை குறைவு. அதே ஸ்கூட்டர், அதே சாலை, கூடுதலாகச் சில கிலோமீட்டர் கிடைக்கும்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தூரம்?

நிதானமாக ஓட்டினால் ஒரு சராசரி ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி மின்சாரம் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால், வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓடினால் முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் ஆறு கிலோமீட்டர் அளவு, கன்னியாகுமரி பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு. வேலைக்குப் போய் வந்து, மாலையில் தேரூர்ப் பக்கம் ஒரு சுற்றும் போனாலும் நாளுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 'வண்டியே ஃப்ரீயா ஓடுது' என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே அந்த நூறைச் சாப்பிட்டிருக்கும். கவனிக்க வேண்டியது 500 யூனிட் எல்லையை. அதைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான கட்டண விகிதமும் உயரும். ஏ.சி. ஓடும் சித்திரையில் 470, 480 என்று வரும் வீடுகளில் இந்த 60 யூனிட்தான் பில்லைத் தூக்கிவிடும். அப்படியே யூனிட்டுக்குப் பத்து ரூபாய் ஆனாலும் முப்பது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு அறுபது ரூபாய். வித்தியாசம் தெளிவு.

பணத்தைத் தாண்டி இன்னொன்று. கிக்கர் இல்லை, கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலர் வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டப் பழகும் வண்டி இதுவாக இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். யாரும் துணைக்கு வராமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருவது என்பது சின்ன விஷயம் இல்லை என்று நாடே அப்போது பார்த்தது. பஸ் எப்போது வரும் என்று கையைப் பிசைந்து நிற்காமல், தேரூரிலிருந்து சுசீந்திரம் கோயிலுக்குத் தானே வந்து திரும்புகிற அம்மாவின் சந்தோஷமும் அந்த வகைதான்.

இந்தத் தெருக்கள் யாருக்குத் திறந்தன?

தெப்பக்குளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கதை உண்டு. இன்று யார் வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் போகிற இந்தக் கோயில் தெருக்களில், நூறு வருடங்களுக்கு முன்பு எல்லோரும் நடக்கக்கூட முடியாது. வண்டியில் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தீண்டாமையின் பெயரால் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு இந்த வீதிகள் மூடப்பட்டிருந்தன. கோயிலுக்குள் போவது அப்புறம். சண்டையே சாலையில் நடப்பதற்குத்தான்.

1924-25-ல் வைக்கத்தில் நடந்தது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து 1926-ல் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் நடந்தது. முன்னின்று நடத்தியவர் டாக்டர் எம்.இ. நாயுடு. வாக்குறுதிகள் வந்தன, நிறைவேறவில்லை. 1930-ல் மறுபடியும் போராட்டம். கடைசியில் 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபோதுதான் அரசாங்கக் கோயில்களின் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. வைக்கம் அளவுக்கு சுசீந்திரம் பேசப்படாதது வருத்தம்தான். இந்த ஊருக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இசைத் தூணைக் காட்டும் ரீல்ஸ் ஏராளம் இருக்கின்றன. தெருவைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லும் ரீல்ஸ் நாலைந்து வந்தால் நன்றாக இருக்கும்.

குளத்தில் யார் இருக்கிறார்கள்?

சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. சுமார் 94 ஹெக்டேர். ஐரோப்பாவின் வடக்கிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியா வழியாக இறங்கும் வலசைப் பாதையின் தெற்கு முனையில் இருக்கிறது இந்த இடம். இங்கே பதிவான பறவை வகைகள் சுமார் 250. அவற்றில் 53 வலசை வருபவை. இத்தனைக்கும் இவை இயற்கையாக உண்டான ஏரிகள் அல்ல, மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள். 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே இந்தப் பக்கத்துக் குளங்களின் பெயர்கள் வருகின்றன. தேரூர்க் குளத்தை நம்பி இருப்பவர்கள் 10,500 பேர், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம்தான் பிழைப்பு என்கிறது அரசின் குறிப்பு. பறவைக்கும் வயலுக்கும் ஒரே தண்ணீர்.

தேரூர் என்றதும் இன்னொரு பெயரும் வரவேண்டும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் இது, 1876-ல். குழந்தைகளுக்காக அவர் எழுதிய பாடல்களைத் தமிழ்நாடே மனப்பாடம் செய்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழிச் சொத்துரிமையைக் கிண்டல் செய்து அவர் எழுதிய 'மருமக்கள்வழி மான்மியம்' மட்டும் உள்ளூரைத் தாண்டி அவ்வளவாகப் போகவில்லை. சிரிப்பும் கோபமும் கலந்த நூல். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்து படிக்க ஏற்றது.

பறவை பார்க்க எலெக்ட்ரிக் வண்டி நல்ல தோழன். என்ஜின் உறுமல் இல்லை, புகை இல்லை. குளக்கரையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். கோரைக்குள் நீலத் தாழைக்கோழி தலை நீட்டும். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் தூரத்திலிருந்தே தெரியும். வண்டி போவதைப் பறவைகள் பொருட்படுத்தாது. வண்டியிலிருந்து மனிதர் இறங்கினால்தான் பிரச்னை. இரண்டு கால் தரையில் பட்டதும் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அதனால் பழகியவர்கள் இறங்குவதில்லை; நிறுத்தி, ஸீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள்.

வலசைப் பறவைகள் பங்குனியோடு மூட்டை கட்ட ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கு முன்னால் அவை இரை தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கும் காலம் இது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. ஒரு வீடியோவுக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கவிடுவது அதனால்தான் குறும்பு அல்ல, கொடுமை. கூட்டையும் குஞ்சையும் படம் எடுத்து லொகேஷனோடு பகிர்வதும் அப்படித்தான். குளத்தின் பெயரைப் போடலாம். எந்த மரம், எந்தக் கரை என்று போட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருபது பைக் நிற்கும்.

சத்தம் இல்லாததில் ஒரு சிக்கல்

பறவைக்கு நல்லதாக இருக்கும் அதே அமைதி மனிதருக்கு ஆபத்தாகவும் ஆகிறது. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலையின் பாதி, களமாக மாறிவிடும். ஒரு பக்கம் நெல் காயும், மறுபக்கம் வைக்கோல் பரப்பியிருக்கும். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி வயதானவர்கள் நடப்பார்கள். வாழ்நாள் முழுக்க அவர்கள் காதால்தான் சாலையைக் கடந்திருக்கிறார்கள். பின்னால் புல்லட் வந்தால் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே ஒதுங்கிவிடுவார்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் முதுகை உரசும் வரை தெரியாது. திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எழுபது வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான்.

ஐரோப்பிய யூனியனில் 2021 ஜூலை முதல் எல்லாப் புது எலெக்ட்ரிக் கார்களிலும், குறைந்த வேகத்தில் போகும்போது செயற்கையாக ஓர் ஒலி எழுப்பும் கருவி கட்டாயம். பார்வையற்றோரின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு வந்த விதி அது. இரு சக்கர வண்டிகளுக்கு அங்கேயும் இல்லை. ஆகவே பொறுப்பு ஓட்டுகிறவருடையது. பக்கத்தில் போய் ஹாரன் அடிப்பது இன்னும் மோசம், ஆள் துள்ளி விழுவார். ஐம்பது அடிக்கு முன்பே லேசாக ஒரு ஹாரன், இல்லையென்றால், 'பாட்டி, வண்டி வருது' என்று ஒரு குரல். குரல்தான் சிறந்தது. ஹாரனுக்கு முகம் சுளிக்கிறவர்கூடக் குரலுக்கு, 'போ மக்கா' என்று சிரித்து வழிவிடுவார்.

வைக்கோல் மேல் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், பிரேக் பிடித்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும். நெல்மணி அதைவிட மோசம், கோலிக்குண்டுமேல் போவது போல. தவிர, அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. டயர் ஏறிய நெல் உடைந்து போகும்.

சிறுவர்கள் விஷயத்தில் பெற்றோர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸும் பதிவெண்ணும் தேவையில்லை. அதை வாங்கி, தெரிந்த கடையில் கொடுத்து வேகப்பூட்டைத் திறந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். அதை ஓட்டும் பிள்ளைக்கு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கிடையாது. 2019 திருத்தச் சட்டப்படி சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும் பையன் டியூஷனுக்குத்தானே போகிறான் என்று விடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு...

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் வண்டி தீப்பிடித்து, வீட்டுக்குள் சூழ்ந்த புகையில் ஒரு தந்தையும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் நாடு முழுக்க நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ் 156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, இந்த விதிகளுக்குப் பிந்தைய பேட்டரியா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பழக்கம் எளிது. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது. அரை மணி, முக்கால் மணி நேரம் நிழலில் ஆறவிட வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும்தான். மாடிப்படிக்குக் கீழே, வாசல் கதவுக்கு உட்புறம் போடவே கூடாது. தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியை அதுவே அடைத்துவிடும். நாஞ்சில் நாட்டு வீடுகளில் பலவற்றுக்கு முன்னால் திண்ணையோ சிட்அவுட்டோ இருக்கிறது. அதுதான் சரியான இடம்.

ஒரு காலைக்கான வழி

ஆறு மணிக்குத் தெப்பக்குளத்திலிருந்து தேரூர்ப் பக்கம். கிழக்கு வெளுக்கும்போது குளத்துத் தண்ணீர் வெள்ளித்தட்டு போலக் கிடக்கும். அங்கே அரை மணி. மலை பிடிக்கும் என்றால் அங்கிருந்து மருத்துவாழ்மலை அடிவாரம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறிய துண்டு என்பது ஊர்க்கதை, நாராயண குரு தவம் இருந்த மலை என்பது வரலாறு. ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடல் வேண்டும் என்றால் மறுபக்கம், புத்தளம் உப்பளங்கள் வழியாக மணக்குடி. பழையாறு அரபிக்கடலில் சேரும் காயல் அங்கேதான். 2004 சுனாமி அடித்துக்கொண்டு போன மணக்குடிப் பாலத்தின் இடத்தில் இப்போது புதிய பாலம். காயல் ஓரத்துச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும்.

இரண்டு வழியையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் வெளியூர்க்காரர் செய்வது. ஒன்று போதும். திரும்பும் வழியில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம் வாங்கிக்கொள்ளலாம். விரல் நீளம்தான் இருக்கும், மணம் பை முழுக்க வரும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிப் பழம் அது. எட்டரை மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், நெடுஞ்சாலையில் பஸ்ஸும் வேனும் நிரம்பிவிடும்.

சித்திரையில் தெப்பத் திருவிழாவுக்குக் குளத்தைச் சுற்றிக் கடைகள் முளைத்துவிட்டால் அந்தப் பக்கம் வண்டி போக இடம் இருக்காது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பேச்சிப்பாறை அணை திறக்கும், கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வரும். அதோடு காற்றும் வரும். அதுவரை இன்னும் சில வாரக் காலைகள் இருக்கின்றன.